விறகடுப்பு ஓரத்தில் ஸ்டர்லிங் எஞ்சின் வைத்தால் எவ்வளவு கரன்ட் வரும்?

தறிமேடை, குடியாத்தம் | மார்ச் 3, மாலை

காலையில ரெண்டு மணி நேரம், சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் விறகடுப்பு எரியுது. சீமைக் கருவேல விறகு, கூடவே மல்லாட்டை (வேர்க்கடலை) தோல். பாதிச் சூடு சும்மாதான் போகுது. அடுப்பு ஓரத்துல ஒரு ஸ்டர்லிங் எஞ்சினை (வெளிச்சூட்டுல உள்காத்து விரிஞ்சு சுருங்கி பிஸ்டனைத் தள்ளுற எஞ்சின்) நிறுத்தி 12 வோல்ட் பேட்டரி ஏத்தினா டேபிள் ஃபேன் ஓடும்னு சொல்றேன். டப்பாவுல செஞ்ச எஞ்சினே வீடியோவுல சர்ருனு சுத்துது. அளவும் சாமான் லிஸ்ட்டும் தெரிஞ்சவங்க போடுங்க.

பாலாற்றங்கரை, ராணிப்பேட்டை | மார்ச் 3, இரவு

ஃபேன் ஓடாது. வீடியோவில் சுற்றுவது பாரமே இல்லாத சக்கரம். விரல் பட்டால் நின்றுவிடும் எஞ்சின்கூட வெறுமனே நிமிடத்துக்கு 700 சுற்று போகும். வேகத்தைப் பார்த்து பவரைச் சொல்ல முடியாது.

கணக்கு இதுதான். உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம், பவர் பிஸ்டன் ஒரு வீச்சில் தள்ளும் கன அளவு, நொடிக்கு எத்தனை சுற்று, இந்த மூன்றையும் பெருக்குங்கள். வந்ததை எஞ்சினின் சூடான, குளிர்ந்த முனைகளின் வெப்பநிலை வித்தியாசத்தால் பெருக்கி, அவற்றின் கூட்டுத்தொகையால் வகுங்கள் (கெல்வினில்). அதில் நாலில் ஒரு பங்கு. வெஸ்ட் சூத்திரம் என்பார்கள். 35 சி.சி. பிஸ்டன், 1 பார், நொடிக்கு 8 சுற்று என்றால் முதல் பெருக்கல் 28 வாட். சூடான முனை 400 டிகிரி, குளிர்ந்த முனை 60 டிகிரி என்றால் 340 ÷ 1006, அதாவது 0.338. முடிவு 2.4 வாட்.

டப்பா எஞ்சினில் இதைக் காற்று பிஸ்டனுக்குக் கொடுக்கும் வேலை என்றே வைத்துக்கொள்ளுங்கள். உராய்வும் கசிவும் போகத் தண்டில் 1 வாட் நின்றால் நல்ல வேலைப்பாடு. ஜெனரேட்டரைத் தாண்டிக் கம்பியில் அரை வாட். உங்கள் மூன்றரை மணி நேர அடுப்புக்கு 1.75 வாட்-மணி. 5000 மில்லி ஆம்பியர்-மணி போன் பேட்டரி ஒன்று மட்டுமே 19 வாட்-மணி. சின்ன டிசி ஃபேன் 12 வாட் கேட்கும். ராத்திரிக்கு ஒரு எல்இடி விளக்கு என்று இறங்கினால் செய்யலாம்.

தறிமேடை, குடியாத்தம் | மார்ச் 4

விளக்கு எரிஞ்சாலும் போதும். ஆனா தீயை இன்னும் ஜாஸ்தி பண்ணினா பவர் ஏறாதா? கரி போட்டு ஊதினா 500 டிகிரிக்குக் கொண்டுபோகலாமே.

பாலாற்றங்கரை, ராணிப்பேட்டை | மார்ச் 4, இரவு

ஏறும். ஆனால் எவ்வளவு என்று பாருங்கள். 400-லிருந்து 500-க்குப் போனால் அதே சூத்திரத்தில் 2.4 வாட் 2.8 வாட் ஆகிறது. லாபம் 0.4 வாட்.

இப்போது உராய்வு. பிஸ்டனின் வீச்சு 35 மி.மீ. ஒரு சுற்றில் மேலும் கீழும் 70 மி.மீ., நொடிக்கு 8 சுற்றில் 0.56 மீட்டர். பிஸ்டன் 1 நியூட்டன் இழுவையோடு நகர்ந்தால், அதாவது 100 கிராம் எடை தள்ளினால்தான் அசையும் என்றால், 0.56 வாட் அங்கேயே போய்விடும். நூறு கிராம் இழுவையைக் குறைப்பது தீயை நூறு டிகிரி கூட்டுவதைவிடப் பெரிய லாபம். இந்த அளவு எஞ்சினில் மீதி நிற்பதே 1 வாட்தான். அதனால் முதல் வேலை லேத்தில், இரண்டாவது வேலை குளிர் முனையை ஆற்றும் தண்ணீரில், அடுப்பு கடைசி.

ஷூ அச்சு, ஆம்பூர் | மார்ச் 5

பிஸ்டனுக்குத் தோல் வாஷர் போட்டால் என்ன? சைக்கிள் பம்ப்பில் காலம் காலமாக இருப்பதுதானே. நம்ம பக்கம் தோலுக்குப் பஞ்சமில்லை. எண்ணெய் ஊறிய கிண்ண வாஷர் காற்றை நன்றாகப் பிடிக்கும், சிலிண்டரை நுணுக்கமாகக் கடையவும் வேண்டாம்.

பாலாற்றங்கரை, ராணிப்பேட்டை | மார்ச் 5

பிடிக்கும், அதில் சந்தேகம் இல்லை. பம்ப்பில் ஓர் ஆளின் தோள்பலம் பின்னால் இருக்கிறது. 36 மி.மீ. தோல் கிண்ணம் சிலிண்டரில் இறுக்கமாக உட்கார்ந்தால் இழுவை எளிதாக 3 முதல் 5 நியூட்டன். மேலே போட்ட கணக்கில் 1.7 முதல் 2.8 வாட் அதற்கே போகும். எஞ்சின் சுற்றவே சுற்றாது. ரப்பர் ஓ-ரிங்கும், பிளாஸ்டிக் ஊசிக்குழாயின் ரப்பர் தலையும் இதே காரணத்தால் உதவாது.

இங்கே கொஞ்சம் கசிவைப் பொறுத்துக்கொண்டு உராய்வைத் துறப்பதுதான் சரி. கிராஃபைட் பிஸ்டன், ஹோனிங் செய்த (உட்சுவரைத் தேய்த்து வழவழப்பாக்கிய) வார்ப்பிரும்பு சிலிண்டர், விட்டத்தில் 0.02 முதல் 0.04 மி.மீ. இடைவெளி. எண்ணெய் கூடாது: புகைந்து டப்பாவுக்குள் போய்ப் பிசினாகப் படியும்.

சோதனை எளிது. சிலிண்டரைச் செங்குத்தாகப் பிடித்து, அடிவாயைத் திறந்துவிட்டால் பிஸ்டன் தன் எடையில் வழுக்கி விழவேண்டும். அடிவாயை உள்ளங்கையால் மூடினால் அதே பிஸ்டன் அங்கேயே மிதந்து, மெல்ல மெல்ல இறங்கவேண்டும். இரண்டும் நடந்தால் அடுத்த வேலைக்குப் போகலாம். முதலாவது நடக்காவிட்டால் திரும்ப லேத்துக்கு.

ஷூ அச்சு, ஆம்பூர் | மார்ச் 5, இரவு

அப்படியானால் பிஸ்டனுக்குப் பதில் பலூன் ரப்பரில் டயஃப்ரம் (அசையும் சவ்வு)? உரசவே உரசாது.

பாலாற்றங்கரை, ராணிப்பேட்டை | மார்ச் 6

பழகிப் பார்க்க நல்லது, செலவும் இல்லை. 35 சி.சி. தள்ள வேண்டுமானால் 70 மி.மீ. விட்டமாவது வேண்டும், வீச்சையும் குறைக்க வேண்டும். ரப்பர் வளைந்து நிமிர்வதிலும் பவர் போகும், அழுத்தம் ஏறும்போது உப்பிப் பாதி வீச்சை விழுங்கும். சூட்டில் சீக்கிரம் கிழியும். விளக்கு எரிய வேண்டுமென்றால் கிராஃபைட்டுக்கே வாருங்கள்.

பாலாற்றங்கரை, ராணிப்பேட்டை | மார்ச் 8

அளவுகள். காமா வகை, டிஸ்ப்ளேசரும் (உள்காற்றைச் சூட்டுப் பக்கத்துக்கும் குளிர் பக்கத்துக்கும் மாற்றித் தள்ளும் கூடு) பவர் பிஸ்டனும் தனித்தனிச் சிலிண்டரில்.

சூட்டு டப்பா: நேர்ச்சுவர் எவர்சில்வர், உள்விட்டம் 60, உள்நீளம் 108 மி.மீ., சுவர் 0.5 மி.மீ. அடி ஒட்டில்லாமல் இழுத்ததாக இருக்கட்டும். டிஸ்ப்ளேசர்: மெல்லிய எவர்சில்வர், விட்டம் 57, நீளம் 80, வீச்சு 25. சுற்றிலும் 1.5 மி.மீ. சந்து, இரு ஓரத்திலும் 1.5 மி.மீ. விடுப்பு. அந்தச் சந்தே ரீஜெனரேட்டர் வேலையை (கடந்துபோகும் காற்றின் சூட்டைப் பிடித்துவைத்துத் திருப்பிக் கொடுப்பது) பார்த்துக்கொள்ளும். பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நாரைத் திணிக்க வேண்டாம், காற்று அடைபடும். டிஸ்ப்ளேசர் மூடிய கூடு என்பதால் சூட்டில் உள்காற்று விரிந்து உப்பும். குளிர் பக்கத் தட்டில் 0.5 மி.மீ. துளை ஒன்று போடுங்கள்.

பிஸ்டனின் 35 சி.சி. எங்கிருந்து வந்தது? ஜாக்ரெப் பேராசிரியர் ஐவோ கோலின் தந்த அனுபவச் சட்டம்: சுருக்க விகிதம் (உள்காற்றின் அதிகபட்சக் கன அளவு ÷ குறைந்தபட்சக் கன அளவு) = 1 + வெப்பநிலை வித்தியாசம் ÷ 1100. நமக்கு 340 டிகிரி, ஆக 1.31. டப்பாவின் கன அளவில் டிஸ்ப்ளேசரைக் கழித்தால் 101 சி.சி. இணைப்புக் குழாயும் பிஸ்டன் அடியும் சேர்த்து 115. அதில் 0.31 பங்கு 35.6. விட்டம் 36, வீச்சு 35 வைத்தால் அதே வருகிறது. பிஸ்டனைப் பெரிதாக வைத்தால் பவர் ஏறும் என்று 60 சி.சி. போடுகிறவர்கள் உண்டு. அது பாதி வீச்சிலேயே காற்றை இழுக்கமுடியாமல் நின்றுவிடும்.

கிராங்க்: டிஸ்ப்ளேசருக்கு மையத்திலிருந்து 12.5, பிஸ்டனுக்கு 17.5 மி.மீ. சுற்றும் திசையில் டிஸ்ப்ளேசர் 90 டிகிரி முன்னால். திசை மாறிப் பூட்டினால் எதிர்ப்பக்கம் சுற்றும், கெடுதல் இல்லை. கோணம் 60-க்குக் கீழே நழுவினால்தான் பவர் விழும். கிராங்க் ஸ்குரூவை லாக்நட் போட்டு இறுக்குங்கள்.

தண்டுக்கு 608 பேரிங் இரண்டு. ரப்பர் மூடி உள்ளது வேண்டாம், இரும்பு மூடி உள்ளதை வாங்கி, மூடியைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கிரீஸைக் கழுவிவிட்டு ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய். கிரீஸோடு விட்டால் அதுவே பிரேக்.

ஃப்ளைவீல் 140 மி.மீ. இரும்பு, 5 மி.மீ. தகடு, சுமார் 600 கிராம் வரும்.

தறிமேடை, குடியாத்தம் | மார்ச் 9

அலுமினிய டப்பா சூடு சீக்கிரம் ஏறுமே அண்ணா, எவர்சில்வர் எதுக்கு?

பாலாற்றங்கரை, ராணிப்பேட்டை | மார்ச் 9

சீக்கிரம் ஏறும், அதே வேகத்தில் சுவர் வழியாகக் குளிர் முனைக்கும் ஓடும் தம்பி. மேலே சொன்ன அளவில் 100 மி.மீ. தூரத்துக்கு 340 டிகிரி வித்தியாசம் நின்றால் எவர்சில்வர் சுவரில் சும்மா கடந்துபோவது சுமார் 5 வாட், சாதா இரும்பில் 16, அலுமினியத்தில் 64 வாட். அலுமினியம் 300 டிகிரிக்கு மேல் வலுவும் இழக்கும்.

ஒட்டு எல்லாம் குளிர் முனையில்தான். ஈயப்பற்று 183 டிகிரியில் உருகும், அரால்டைட் 100 டிகிரிக்கு முன்பே இளகும். மேல் தட்டுக்கும் டப்பாவுக்கும் நடுவே சிவப்பு சிலிக்கான் கேஸ்கெட் பசை. ஒட்டியபின் சோப்புத் தண்ணீர் தடவி ஊசிக்குழாயால் காற்றடித்துக் குமிழ் பாருங்கள்.

டிஸ்ப்ளேசர் கம்பி 4 மி.மீ., அது வழுக்கி ஏறி இறங்கப் பித்தளை புஷ் (குழல்) 25 முதல் 30 மி.மீ. நீளம், 0.03 மி.மீ. விடுப்பு. குட்டையான புஷ் போட்டால் டிஸ்ப்ளேசர் சாய்ந்து சுவரில் உரசும். காது வைத்தால் ‘டக் டக்’ கேட்கும்.

காந்தச்சுருள், காட்பாடி | மார்ச் 15

ஜெனரேட்டர் பக்கம் யாரும் பேசவில்லை. பழைய பிரிண்டர் ஸ்டெப்பர் மோட்டாரைப் பலரும் சொல்வார்கள். 1 வாட் எஞ்சினின் திருப்புவிசை நிமிடத்துக்கு 480 சுற்றில் 0.02 நியூட்டன் மீட்டர். கையால் திருப்பும்போது ஸ்டெப்பரில் படிப்படியாகக் கொக்கி போடுவதுபோல் தெரிகிறதே, அதற்கே நடுத்தர மோட்டாரில் 0.015 வரை கேட்கும். எஞ்சின் கிளம்பவே கிளம்பாது. இதில் பெல்ட் போட்டு வேகத்தைக் கூட்டினால் அந்த எதிர்ப்பும் அதே மடங்கில் எஞ்சின் மேல் ஏறும்.

சின்ன டிசி மோட்டார் நல்லது. டேப்ரெக்கார்டர் மோட்டார் கிடைத்தால், உள்ளே வேகக் கட்டுப்பாட்டு போர்டு இருக்கும். பின்மூடியைத் திறந்து பிரஷ் முனையிலிருந்தே நேராக ஒயர் எடுங்கள். ஃப்ளைவீலில் 100 மி.மீ. காடி, மோட்டாரில் 20 மி.மீ. கப்பி, ரப்பர் பெல்ட்: 480 சுற்று 2400 ஆகும். பெல்ட் நழுவாத அளவுக்கு மட்டும் இறுக்கம்.

டிசி மோட்டாருக்கு பிரிட்ஜ் (நாலு டயோடு கட்டு) தேவையில்லை. ஒரே ஒரு ஷாட்கி டயோடு (குறைந்த வோல்ட்டே தின்னும் வகை), 1என்5817. சாதா சிலிக்கான் பிரிட்ஜ் 1.4 வோல்ட்டைத் தின்னும், நம்மிடம் இருப்பதே 4 வோல்ட். டயோடு இல்லாமல் பேட்டரியோடு பூட்டினால் பேட்டரி மோட்டாரைச் சுற்றிவிடும்.

தறிமேடை, குடியாத்தம் | மார்ச் 16

எவ்வளவு லோடு போடணும்? மோட்டார் காயில் 20 ஓம் காட்டுது. அதே 20 ஓம் லோடு போட்டாதான் அதிக பவர்னு புத்தகத்துல இருக்கு.

காந்தச்சுருள், காட்பாடி | மார்ச் 16, இரவு

அந்த விதி வோல்டேஜ் அசையாமல் நிற்கும் மூலத்துக்கு. இங்கே பாரம் ஏறினால் எஞ்சின் வேகம் குறையும், வோல்டேஜும் கூடவே விழும். லோடும் காயிலும் சமமானால் உண்டான மின்சாரத்தில் பாதி காயிலைச் சூடாக்கத்தான் போகும். சரியான வழி: காயில் ஓம் குறைந்த மோட்டாரைத் தேடுங்கள், லோடு அதைப்போல் மூன்று நாலு மடங்கு இருக்கட்டும், எஞ்சினுக்குப் பாரம் ஒத்துப்போவதைக் கப்பி அளவை மாற்றிச் சரிசெய்யுங்கள்.

மோட்டாரைத் தேர்ந்தெடுக்க, டேபிள் ட்ரில்லில் அதன் தண்டைப் பூட்டித் தெரிந்த வேகத்தில் சுற்றி வோல்டேஜ் பாருங்கள். 1500 சுற்றில் 6 வோல்ட்டும், காயில் 10 ஓமுக்குக் கீழும் இருந்தால் அதை விடாதீர்கள்.

அளவெடுக்க 10, 22, 47 ஓம் ரெசிஸ்டர்களை ஒவ்வொன்றாகப் போட்டு வோல்டேஜை வோல்டேஜாலேயே பெருக்கி ஓமால் வகுங்கள். 10 ஓமில் 1.9 வோல்ட் என்றால் 0.36 வாட், 22-இல் 3.3 என்றால் 0.5, 47-இல் 4.2 என்றால் 0.38. உச்சி நடுவில் தெரிகிறது. சுற்றுவேகத்தையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பாரமில்லாத வேகத்தில் பாதிக்கும் முக்காலுக்கும் நடுவேதான் உச்சி விழும்.

பாலாற்றங்கரை, ராணிப்பேட்டை | மார்ச் 17

நான் 3-ஆம் தேதி ‘ஜெனரேட்டரைத் தாண்டி அரை வாட்’ என்றது 20 ஓம் காயில் போன்ற மோட்டாரை வைத்து. காட்பாடிக்காரர் சொல்வதுபோல் காயில் ஓமைக் குறைத்தால் 0.7 வரை எதிர்பார்க்கலாம். அந்த வரியை அப்படித் திருத்தி வாசியுங்கள்.

காந்தச்சுருள், காட்பாடி | மார்ச் 22

பெல்ட்டும் வேண்டாம், பிரஷ் உரசலும் வேண்டாம் என்றால் ஃப்ளைவீலையே ஜெனரேட்டர் ஆக்கலாம். 20 மி.மீ. விட்டம், 5 மி.மீ. தடிமன் நியோடைமியம் காந்தம் எட்டு. ஃப்ளைவீல் முகத்தில் 100 மி.மீ. வட்டத்தில், வடக்கு தெற்கு மாறி மாறி. எதிரே ப்ளைவுட் பலகையில் ஆறு சுருள். ஒவ்வொன்றும் 30 கேஜ் கம்பி 300 சுற்று, நடு ஓட்டை 20 மி.மீ., வெளிவிட்டம் 35-க்குள் அடங்கும். சுருளுக்கு சுமார் 6 ஓம். ரீவைண்டிங் கடையில் 150 கிராம் கம்பி வாங்கினால் போதும், எடைக்குத்தான் தருவார்கள். காந்தத்துக்கும் சுருளுக்கும் 2 மி.மீ. சந்து.

எதிரெதிர்ச் சுருள்களைத் தொடராகப் பூட்டினால் மூன்று ஃபேஸ். ஷாட்கி டயோடு ஆறு. 480 சுற்றில் சுருளுக்கு 2 வோல்ட் உச்சம் வரும், மூன்று ஃபேஸையும் நட்சத்திரமாக இணைத்து டிசி ஆக்கினால் பாரமில்லாமல் 6 வோல்ட்டை ஒட்டி. சுருளுக்குப் பின்னால் பலகையில் இரும்போ அலுமினியமோ வைக்காதீர்கள், சுழல் மின்னோட்டம் பிரேக் போடும். புலத்தைக் கூட்ட இரும்புத் தட்டு வேண்டுமென்றால் அது அதே தண்டில் கூடவே சுற்ற வேண்டும்.

பேட்டரிக்கு ஏஏ அளவு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் மூன்று தொடராக. 2000 மில்லி ஆம்பியர்-மணி செல்லுக்கு நம் 120 மில்லி ஆம்பியர் மிக மெதுவானது. கொஞ்சம் அதிகம் ஏறினாலும் தாங்கும், சார்ஜ் கன்ட்ரோலர் தேவையில்லை. லித்தியம் செல்லுக்கு இப்படி நேராகக் கொடுக்கவே கூடாது.

தறிமேடை, குடியாத்தம் | ஏப்ரல் 11

சுத்துது. முதல் அஞ்சு நிமிஷம் ஜோரா போகுது, அப்புறம் மெல்ல மெல்லக் குறைஞ்சு நின்னுடுது. தீ நல்லாத்தான் இருக்கு.

பாலாற்றங்கரை, ராணிப்பேட்டை | ஏப்ரல் 11

குளிர் முனையைத் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாது. குளிர் முனையைச் சுற்றியிருக்கும் தண்ணீர் ஜாக்கெட் சூடேறிவிட்டது. 60-இலிருந்து 90 டிகிரி ஆனால் 2.4 வாட் 2.1 ஆகும். 0.3 சின்னதாகத் தெரியும், ஆனால் உராய்வு மாறாது என்பதால் முழு நஷ்டமும் தண்டில் நிற்கும் 1 வாட்டிலிருந்து கழியும். மூன்றில் ஒரு பங்கு போச்சு. லோடு பூட்டியிருந்தால் நிற்கத்தான் செய்யும்.

குளிர் முனைக்கு வரும் சூட்டை 60 வாட் என்று வையுங்கள். 5 லிட்டர் தண்ணீர் ஒரு மணி நேரத்தில் 10 டிகிரி ஏறும். மண்பானையைப் பயன்படுத்துங்கள். 60 வாட் சூட்டை வெளியேற்ற மணிக்கு 90 மில்லி தண்ணீர் ஆவியானால் போதும், கசிகிற பானை வெயில் காலக் காற்றில் அதில் பெரும்பகுதியைத் தானே பார்த்துக்கொள்ளும். வேலூர்ப் பக்கத்து வறண்ட மே மாதக் காற்று இதற்கு உகந்தது. பூசிய பானை, பெயிண்ட் அடித்த பானை உதவாது.

பானையின் அடி ஜாக்கெட்டைவிட ஒரு சாண் உயரத்தில். ஜாக்கெட்டின் மேல்வாயிலிருந்து பானையின் மேற்பகுதிக்கு ஒரு குழாய், பானையின் அடியிலிருந்து ஜாக்கெட்டின் கீழ்வாய்க்கு ஒன்று, 12 மி.மீ. உள்விட்டம். மேலே போகும் குழாய் எங்கும் தொங்காமல் ஏறிக்கொண்டே போக வேண்டும். தொங்கினால் காற்று அடைத்துச் சுழற்சி நிற்கும். மேல் குழாயின் வாய் எப்போதும் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கட்டும்.

ஷூ அச்சு, ஆம்பூர் | ஏப்ரல் 14

இத்தனை பாட்டுக்கு ஒரு பெல்டியர் தகடு (இரு பக்கச் சூட்டு வித்தியாசத்திலேயே கரன்ட் தரும் தகடு) வைத்தால் அரை வாட் வந்துவிடுமே?

காந்தச்சுருள், காட்பாடி | ஏப்ரல் 14

வரும். 40 மி.மீ. தகடு ஒன்று, இரு பக்கமும் 80 முதல் 100 டிகிரி வித்தியாசம் நின்றால் அரை வாட்டுக்கு மேலேயே தரும், அசையும் பாகமும் இல்லை. கடையில் கிடைக்கும் 12706 குளிரூட்டும் தகட்டின் உள்பற்று 138 டிகிரியில் உருகக்கூடியது, அடுப்பில் நேராக ஒட்டினால் கதை முடிந்தது. குளிர்ப் பக்கத்துக்கு அதற்கும் இதே பானைதான் வேண்டும். விளக்கு மட்டும் குறி என்றால் பெல்டியரே சுருக்கு வழி. பகல் வெயில் போதும் என்றால் 10 வாட் சோலார் தகடு இரண்டையும் தோற்கடிக்கும்.

பாலாற்றங்கரை, ராணிப்பேட்டை | ஏப்ரல் 15

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஸ்டர்லிங்குக்கு மேலே போக வழி இருக்கிறது, பெல்டியருக்கு அது குறைவு. ராபர்ட் ஸ்டர்லிங் 1816-இல் காப்புரிமை எடுத்ததும் வெளிக்காற்று அழுத்தத்தில் ஓடிய எஞ்சினுக்குத்தான். பிலிப்ஸ் நிறுவனம் 1950-களில் ரேடியோ ஓட்டச் செய்த 200 வாட் ஜெனரேட்டரின் சூட்சுமம் உள்ளே காற்றை அழுத்தி வைத்தது. 1 பாருக்குப் பதில் 5 பார் என்றால் பவரும் ஏறக்குறைய ஐந்து மடங்கு.

அதற்காக இந்த டப்பாவில் காற்றடிக்காதீர்கள். அரை மி.மீ. சுவர் நன்றாகக் காய்ந்த நிலையில் அழுத்தம் ஏற்றினால் வெடித்துச் சிதறலாம். அழுத்தும் எஞ்சினுக்குக் கிராங்க்கேஸ் உட்பட எல்லாமே மூடிய கூடாக இருக்க வேண்டும், தடித்த சுவர் வேண்டும், காற்றை நிரப்பும் முன் ஒன்றரை மடங்கு அழுத்தத்தில் தண்ணீர் நிரப்பிச் சோதிக்க வேண்டும், எண்ணெய் ஆவி இருக்கும் இடத்தில் காற்றுக்குப் பதில் நைட்ரஜன். அது தனி இழைக்கு உரிய வேலை.

தறிமேடை, குடியாத்தம் | மே 9

பானை வெச்சதும் நிக்காம ஓடுது. 22 ஓம்ல 3.1 வோல்ட். இப்ப இன்னொரு தொந்தரவு, ரெண்டு வாரமா மெல்லக் குறைஞ்சுகிட்டே வருது. உராய்வு சரியாத்தான் இருக்கு, பிஸ்டன் வழுக்குது.

பாலாற்றங்கரை, ராணிப்பேட்டை | மே 9

0.44 வாட், நல்ல எண். குறைவதற்குக் காரணம் பெரும்பாலும் டப்பா அடியில் புகைக்கரி. மல்லாட்டைத் தோல் போட்ட உடனே எண்ணெய்ப் புகை நிறைய வரும், அது பிசுபிசுப்பாகப் படிந்து சூட்டைத் தடுக்கும். தோலை முதலில் எரித்துவிட்டு, கருவேல விறகு தணலானபின் எஞ்சினை இறக்குங்கள். வாரம் ஒருமுறை கம்பி பிரஷ்ஷால் அடியைச் சுரண்டுங்கள். தணலோ கரியோ வைத்து மூடிய அறையில் ஓட்டவே வேண்டாம், கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளைச் சாய்க்கும்.

சுரண்டியும் ஏறவில்லை என்றால் மேல் தட்டு கேஸ்கெட்டுக்கு மறுபடி சோப்புத் தண்ணீர்.

தறிமேடை, குடியாத்தம் | மே 12

சுரண்டினதும் 3.3 வந்துடுச்சு. கேஸ்கெட் ஓரத்துல ஒரே ஒரு குமிழ், வடக்குப் பக்க போல்ட் கிட்ட.

பாலாற்றங்கரை, ராணிப்பேட்டை | மே 12

அந்த ஒரு போல்ட்டை மட்டும் இறுக்கினால் தட்டு கோணும். ஆறையும் தளர்த்தி, எதிரெதிராகக் கால் சுற்று கால் சுற்றாக இறுக்குங்கள். இறுக்கி முடித்ததும் டிஸ்ப்ளேசர் கம்பி புஷ்ஷில் வழுக்குகிறதா என்று கையால் ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு அடுப்பில் வையுங்கள்.